நீர் கடந்த வழிகள் – 9: நாவற்குழி முதல் சங்குப்பிட்டி வரை

சென்ற இதழில் ஆனையிறவின் ஒல்லாந்தர் கோட்டையைப் பார்த்தோம். வன்னிக் காடுகளில் பிடித்த யானைகளை ஆழம் குறைந்த நீரில் இறக்கி, மறுகரை ஏற்றி, யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிவந்து விற்ற காலம் அது. கோட்டை சிறியதுதான். ஆனால் அது நின்ற இடம் பெரியது. அங்கே காவல் வைத்தவன் குடாநாட்டுக்குள் வருவதையும் வெளியே போவதையும் கணக்கெடுக்கலாம். வேண்டாம் என்றால் நிறுத்தலாம். ஒல்லாந்தருக்குப் பின் வந்த ஆங்கிலேயரும் இதைப் புரிந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் காலத்தில்தான் இந்தக் கதைக்குள் இரும்பு நுழைகிறது.

இரும்புப் பாலங்களைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக ஒரு நகரத்தையும் அதை ஊடறுக்கும் ஓர் ஆற்றையும் வைத்துத் தொடங்குவார்கள். கொழும்புக்கு அந்த வசதி உண்டு. களனி கங்கையில் 1822இலிருந்து படகுகளை வரிசையாகப் பிணைத்து மேலே பலகை பரப்பிய படகுப்பாலம் இருந்தது. 1895இல் விக்டோரியா பாலம் என்ற உருக்குப் பாலம் எழுந்ததும் படகுகள் கரையேறின. யாழ்ப்பாணத்துக்கு அப்படிச் சொல்ல ஓர் ஆறு இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கத்தில் கடல்நீரேரியோடு கலந்துவிடும்; கோடையில் அதன் தடத்தில் மாடு மேயும். சுண்ணக்கல் நிலம் என்பதால் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றில்தான் தலைகாட்டும்.

ஆறு இல்லையே தவிர, கடக்கவேண்டிய நீருக்குக் குறைவில்லை. வலிகாமத்தையும் தென்மராட்சியையும் உப்பாற்றுக் கடல்நீரேரி பிரிக்கிறது. வடமராட்சிக்கு மேற்கே தொண்டைமானாற்றுக் கடல்நீரேரி. தெற்கே யாழ்ப்பாணக் கடல்நீரேரி குடாநாட்டைப் பெருநிலப்பரப்பிலிருந்து அறுத்துவைத்திருக்கிறது. கிழக்கில் சுண்டிக்குளத்து மணல்திட்டை விட்டால், தரைவழியாக வெளியேற இருந்த ஒரே இடம் ஆனையிறவு. ஒற்றை வாசல் வைத்துக் கட்டிய வீடு இது. இந்த அத்தியாயத்தின் கதையும் அந்த வாசலைப் பற்றியதுதான்: முதலில் வந்த இரும்பு ஒற்றை வாசலை அகலமாக்கியது, இரண்டாவது வாசலைத் திறக்கும் இரும்பு வந்து சேர இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

தாம்போதியும் பாலமும்

யாழ்ப்பாணக் கடல்நீரேரி 400 சதுர கிலோமீற்றருக்கும் மேல் பரந்தது. ஆழமோ மிகக் குறைவு. மிக ஆழமான இடத்திலும் 4 மீற்றர் அளவுதான்; பல இடங்களில் இடுப்பளவு, முழங்காலளவு. இப்படிப்பட்ட நீரில் பாலம் போடுவது ஆற்றில் பாலம் போடுவதற்கு நேர்மாறான வேலை. ஆற்றில் வெள்ளம் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே கரைக்குக் கரை தாவவேண்டும், நடுவில் தூண்களைக் குறைக்கவேண்டும். கடல்நீரேரியில் நீர் அப்படிப் பாய்வதில்லை. கல்லையும் மண்ணையும் கொட்டி மேடாக்கிக்கொண்டே போகலாம். அதனால்தான் குடாநாட்டில் தாம்போதிகள் நீளமாகவும் பாலங்கள் குட்டையாகவும் அமைந்தன. நீர் நகரும் ஆழமான வாய்க்கால் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் அணையை நிறுத்தி, தூண் எழுப்பி, மேலே தீராந்தி வைப்பார்கள்.

கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் போவோருக்கு இது போதும். தாம்போதி தாழ்ந்திருந்தால் மாரியில் நீர் மேலே வழியும். வண்டிக்காரன் காத்திருப்பான், இல்லையென்றால் மாட்டை அதட்டி இறக்குவான். புகையிரதத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. தண்டவாளம் ஓர் அங்குலம் தாழ்ந்தாலும் ஆபத்து. இயந்திரத்தின் எடை ஒரே இடத்தில் குவிந்து, நகர்ந்து, அடுத்த இடத்தை அழுத்தும். மரத் தீராந்தி அந்த அடியை நெடுநாள் தாங்காது. ஆகவே புகையிரதம் வந்த இடத்துக்கெல்லாம் உருக்குத் தீராந்தியும் கூட வந்தது.

வடக்கே தொடங்கிய பாதை

கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இலேயே புகையிரதம் போய்விட்டது. கோப்பித் தோட்டங்கள் அதைக் கேட்டன, கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் கோப்பி இல்லை. புகையிலையும் பனம்பொருளும் கடல்வழியாகவே போய்வந்தன. வன்னி முழுதும் காடு, குடிசனம் மிகக் குறைவு. இத்தனை மைல் காட்டை ஊடறுத்துப் பாதை போட்டால் வருமானம் வருமா என்ற கேள்வியே வடக்குப் பாதையை நீண்டகாலம் தள்ளிவைத்தது. தேசாதிபதி சேர் வெஸ்ட் ரிட்ஜ்வே காலத்தில்தான் (1896–1903) வேலை தொடங்கியது.

தொடங்கிய விதம் கவனிக்கத்தக்கது. தெற்கிலிருந்து வந்த பாதை 1894இல் குருநாகலை எட்டி அங்கேயே நின்றிருந்தது. அதை நீட்டிக்கொண்டு வரும் அதே நேரத்தில், வடக்கு முனையிலிருந்தும் பாதை போடத் தீர்மானித்தார்கள். 1902 மார்ச் 11ஆம் திகதி காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை, ஏறத்தாழ 21 மைல், திறக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் பளை வரை நீண்டது. கொழும்போடு எந்தத் தொடர்பும் இல்லாமல், குடாநாட்டுக்குள்ளேயே ஒரு புகையிரதம் மூன்று ஆண்டு ஓடியது! தரைவழியில் தண்டவாளம் இல்லாத நிலையில், அதற்கு வேண்டிய கனமான பொருள்களுக்குக் கடலே வழி.

இந்த முதற்பகுதியின் நடுவே இருந்த தடை நாவற்குழி. யாழ்ப்பாணம், புங்கன்குளம் கடந்து வரும் பாதை, உப்பாற்று நீரைத் தாண்டாமல் தென்மராட்சியில் கால்வைக்க முடியாது. வீதிப் பாலமும் புகையிரதப் பாலமும் அங்கே அருகருகே நீரைக் கடக்கின்றன. நகரத்துக்குக் கிழக்கே ஒருசில மைலில், செம்மணி வெளி தாண்டியதும் வரும் அந்தக் கடவைதான் குடாநாட்டின் உள்வாசல். ஆனையிறவு வெளிவாசல். வலிகாமத்தார் தெற்கே போக இரண்டையும் தாண்டவேண்டியிருந்தது.

1905 ஜனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரிக்குப் பயிற்சி அதிகாரியாக அனுப்பப்பட்ட ஓர் இளைஞர், தெற்குப் பாதைக்கும் வடக்குப் பாதைக்கும் நடுவே இருந்த இடைவெளியைத் தன் நினைவுக்குறிப்பில் பதிந்திருக்கிறார். பிற்காலத்தில் எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃபின் கணவரான லெனார்ட் வூல்ஃப்தான் அவர். இலங்கைக்கு அவர் கொண்டுவந்த சொத்தில் ஒரு நாயும் வோல்டேரின் நூல்கள் 90 தொகுதியும் அடக்கம். கொழும்பிலிருந்து அநுராதபுரம் வரை புகையிரதம். அங்கிருந்து ஆனையிறவு வரை ‘தபால் வண்டி’ என்று பெயர் சூட்டப்பட்ட பெரிய மாட்டுவண்டி. ஆனையிறவில் மறுபடி புகையிரதம். பயணம் இரண்டு நாளை விழுங்கியது. தெற்கே அநுராதபுரப் பகுதி திறந்தே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

1905 ஓகஸ்ட் 1ஆம் திகதி இரு முனையும் கூடின. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேர்வண்டி ஓடியது. வூல்ஃப் மாட்டுவண்டியில் குலுங்கி வந்து ஏழு மாதம்கூடப் பூர்த்தியாகவில்லை. இரண்டு நாள் பயணம் ஒரு நாளுக்குள் அடங்கியது. அதன் பலனை யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் நன்றாகவே அறியும். கொழும்பில் எழுதுவினைஞராக இருந்த மகன் விடுமுறைக்கு வரலாம், மாம்பழமும் பனாட்டும் கட்டிக்கொண்டு போகலாம். 1956 ஏப்ரலில் ‘யாழ்தேவி’ கடுகதி ஓடத் தொடங்கியபோது இந்தப் போக்குவரத்து ஒரு வாழ்க்கைமுறையாகவே ஆகிவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வீதியும் ஆனையிறவு வழியாக, புகையிரதமும் ஆனையிறவு வழியாக. பொறியியலாளரைக் குறை சொல்ல முடியாது. நீர் ஒடுங்கும் இடத்தில் கடப்பதுதான் சிக்கனம். எனினும் விளைவு என்ன? இரும்பு வந்தும் வாசல் ஒன்றாகவே இருந்தது. பயணம் இலகுவாக இலகுவாக, அந்த ஒன்றின்மேல் குடாநாடு சாய்ந்த பாரமும் கூடிக்கொண்டே போனது.

உப்பும் கறளும்

கடல்நீரேரியில் இரும்பு வைத்தால் கறள் பிடிக்கும். இது யாழ்ப்பாணத்தில் கிணற்று வாளி வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் எங்கே அதிகம் பிடிக்கும் என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. முழுக்க நீருக்குள் இருக்கும் இரும்புக்கு ஒட்சிசன் குறைவு. அது மெல்ல அரிபடும். நீருக்கு மேலே, அலை தெறித்து நனைந்தும் வெயிலில் காய்ந்தும் மாறிமாறி வரும் பகுதிதான் விரைவில் கெடும். ஒவ்வொரு தடவை காயும்போதும் உப்பு படிந்துவிடும். அடுத்த ஈரத்தில் அது வேலையைத் தொடரும். ஆழம் குறைந்த நீரில் தாழ்வாகக் கிடக்கும் குடாநாட்டுப் பாலங்களின் தீராந்திகள் முழுவதும் இந்த இடத்திலேதான் இருக்கின்றன. சுரண்டி, பூசி, மறுபடி சுரண்டி, மறுபடி பூசுவதே அவற்றின் ஆயுள்.

இதே உப்போடு போராடிய இரண்டு பாலங்கள் நமக்கு உறவுமுறையானவை. ஒன்று பாம்பன். 1914 பெப்ரவரியில் திறந்த அந்தப் பாலம் இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று மேல், 145 கண். கப்பல் வரும்போது நடுவில் இரு இலைகளாகத் தூக்கிக்கொள்ளும். மெட்ராஸிலிருந்து தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி புகையிரதம் என்ற தொடருக்கு அதுவே ஆணி. 1964 டிசம்பர் புயலில் பாலம் சிதைந்தது. பொறியியலாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சீராக்கினார்கள். தனுஷ்கோடிதான் மீளவில்லை. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் வண்டிகள் நின்றன. 2025 ஏப்ரலில் புதியது திறந்தது. மற்றது மட்டக்களப்பின் கல்லடிப் பாலம். தேசாதிபதி மானிங்கின் மனைவி பெயரில் 1924இல் எழுந்த இரும்புப் பாலம். மீன் பாடும் வாவிக்கு மேலே நின்றதால் அது ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வந்தபிறகும் பழையதைக் கழற்றவில்லை. யாழ்ப்பாணத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இங்கே பாலங்களைத் தின்ற கறள் வேறு வகை.

நீருக்கும் ஒரு வழி வேண்டும்

போருக்கு வருமுன் ஒரு கிளைக்கதை. பாலம் மனிதன் போவதற்கு மட்டுமல்ல. அடியில் நீர் போவதற்கும்தான். தாம்போதியை நீட்டி, பாலத்தைக் குறைத்தால் அந்தப் பக்கத்து நீரும் இந்தப் பக்கத்து நீரும் பிரிந்துவிடும். மீன்பிடிப்பவர்களுக்கு இது நட்டம். இறால் குஞ்சு வந்துபோகும் வழி அடைபடும். ஆனால் இதையே ஒரு வாய்ப்பாகப் பார்த்தவர்களும் இருந்தார்கள்.

கனகராயன் ஆறு முதலான வன்னி ஆறுகள் ஆனையிறவுக் கடல்நீரேரியில் விழுகின்றன. அந்த நன்னீர் உப்போடு கலந்து வீணாகிறதே என்ற ஏக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசாங்க அதிபர் துவைனம் காலத்திலேயே பேசப்பட்டது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1950களில் அதை முழுத் திட்டமாக வரைந்தார். ஆனையிறவில் மேற்குப் பக்கம் நீர் வெளியேறுவதைத் தடுப்பது, சுண்டிக்குளத்தில் கிழக்கு வாயை அணைகட்டி அடைப்பது, தேங்கும் நன்னீரை முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடல்நீரேரிக்குக் கொண்டுபோவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவு வைத்த தடுப்பணைகள் அந்த எண்ணத்தின் மறுமுனை. ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று பெயர். வேலை பாதியில் நின்றது. இருந்தாலும் அவர் பார்வை இந்தத் தொடருக்கு முக்கியம்: வீதிக்காரர் தடையாகக் கண்ட நீரை, அவர் சேமிப்பாகக் கண்டார். ஒரே அணையின்மேல் போக்குவரத்தும் குடிநீரும் சேர்ந்து நிற்கலாம் என்பது அவர் கணக்கு.

வாசல் அடைபட்டபோது

1990 ஜூனில் யாழ்தேவி நின்றது. பிறகு தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கழன்று பங்கர்களுக்குக் கூரையாகவும் சுவராகவும் போயின. ஆனையிறவில் இராணுவ முகாம். 1991 ஜூலையில் அங்கே நடந்த பெருஞ்சமர் ஒரு மாதம் நீடித்தது. ஒற்றை வாசலுக்கு எது நேரும் என்று ஒல்லாந்தன் கணக்குப் போட்டானோ அதுவே நேர்ந்தது: இராணுவம், விடுதலைப் புலிகள் என்ற இரு தரப்புக்கும் அது வேண்டியிருந்தது, குடிமக்களுக்கு அது மூடிக்கொண்டது.

மேற்கே சங்குப்பிட்டி ஒன்று இருந்ததே என்று கேட்கலாம். தென்மராட்சிக் கரையில் கேரதீவு, எதிரே பூநகரிக் கரையில் சங்குப்பிட்டி. நடுவில் பாதை ஓடியது. வெளியூர் வாசகருக்காக ஒரு சொல்: இங்கே பாதை என்றால் வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றி இறக்கும் மிதவை. பாதையை நிறுத்த ஒரு கட்டளை போதும். பூநகரியிலும் முகாம் அமைந்தபின் அந்த வழியும் போயிற்று.

மக்கள் நீரில் இறங்கினார்கள். முதலில் கொம்படி–ஊரியான் வழியாகச் சேற்றிலும் நீரிலும் நடந்தார்கள். சைக்கிளைத் தோளில் தூக்கினார்கள், முதியவர்களைச் சுமந்தார்கள். பிறகு கிளாலி. இருட்டியபின் கிளாலிக் கரையில் வள்ளங்கள் சேரும். இயந்திரம் பூட்டிய ஒரு வள்ளத்தின் பின்னால் மற்றவற்றைக் கயிற்றில் கோத்து இழுத்துக்கொண்டு பூநகரிப் பக்கம் போவார்கள். நோயாளி, சோதனைக்குப் போகும் மாணவன், ஓய்வூதியத்துக்கு அலையும் கிழவர், வெங்காய மூட்டையோடு வியாபாரி எல்லாரும் அதில்தான். கடற்படை ரோந்தும் அங்கேதான். 1993 ஜனவரி 2 இரவு கிளாலி நீரில் பயணிகள் கொல்லப்பட்டார்கள். அது ஒருநாள் சம்பவமும் அல்ல.

அதே 1993 செப்டெம்பர் இறுதியில் கிளாலிப் படகுத்துறையை நோக்கி இராணுவம் ஒரு நடவடிக்கை தொடங்கியது. அதற்கு வைத்த பெயர் ‘யாழ்தேவி’. புகையிரதம் நின்றதால்தான் மக்கள் படகு ஏறினார்கள். அந்தப் படகுத்துறையைத் தாக்கப் போன படை புகையிரதத்தின் பெயரை எடுத்துக்கொண்டது!

வெளிவாசல் கதை இப்படி என்றால், உள்வாசல் தன் பெரிய இரவை 1995 ஒக்டோபர் 30இல் கண்டது. சூரியக்கதிர் நடவடிக்கையில் இராணுவம் வலிகாமத்துக்குள் முன்னேற, ஏறத்தாழ நான்கு ஐந்து இலட்சம் மக்கள் தென்மராட்சிக்குப் புறப்பட்டார்கள். தப்பிச்செல்ல இருந்தவை இரண்டே கடவை: நாவற்குழிப் பாலமும் கோப்பாய்–கைதடிப் பாலமும். மழை வேறு. சாதாரண நாளில் சைக்கிளில் ஒரு மணித்தியாலத்துக்குள் போகும் தூரத்துக்கு ஓர் இரவு முழுவதும் போதவில்லை. ஒரு அடி வைத்தால் நின்று, இன்னொரு அடி வைத்தால் நின்று, பாலத்தின்மேல் சனம் ஒட்டிக்கொண்டு நகர்ந்தது. அந்த இரவைத் தாண்டிய எவரிடமும் கேளுங்கள். ஊரின் பேர் சொல்லுமுன் பாலத்தின் பேர் சொல்வார்கள். இரண்டு வண்டி விலகிப்போக வகுத்த அகலத்தில் ஒரு மாவட்டமே கடந்தது.

பிறகும் இந்த வாசல் கைமாறிக்கொண்டே இருந்தது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு புலிகள் கைக்குப் போனது. 2009 ஜனவரியில் மறுபடி இராணுவத்திடம். இடையே, 2002இல் ஆனையிறவு வழியாகச் செல்லும் ஏ9 வீதி திறந்து நான்கு ஆண்டு மூச்சுவிட்டது. 2006 ஓகஸ்டில் மூடியதும் குடாநாடு கப்பலையும் விமானத்தையும் நம்பி, பால்மாவுக்கும் சீனிக்கும் வரிசையில் நின்றது. தரைத்தொடர்பு இல்லாத தீவாகவே அது மாறிப்போயிற்று.

இரண்டாவது வாசல்

போர்க்கால வீதிகளில் உடைந்த மதகுகளையும் பாலங்களையும் தற்காலிகமாக இணைக்கப் படைப்பொறியாளர்கள் கையாண்டது பெய்லிப் பாலம். இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயப் பொறியியலாளர் டொனால்ட் பெய்லி வகுத்த முறை அது. பத்தடி நீளச் சட்டம் ஒன்றை ஆறு பேர் தூக்கலாம். பெரிய பாரந்தூக்கி வேண்டாம். ஆணி செருகிச் சட்டத்தோடு சட்டம் கோத்துக்கொண்டே போய் எதிர்க்கரையைத் தொடலாம். போர் முடிந்ததும் எஞ்சிய சட்டங்களை வாங்கி விற்கத் தொடங்கிய இங்கிலாந்தின் மேபி நிறுவனம், அதே முறையை வளர்த்து உலகெங்கும் உருக்குப் பாலம் அனுப்பும் நிறுவனமாக ஆனது.

அந்தத் தற்காலிகப் பாலங்களுக்குப் பிறகு, சங்குப்பிட்டியில் பாதை ஓடிய இடத்தில் 2011 ஜனவரி 16ஆம் திகதி திறந்தது உருக்குப் பாலம். பிரித்தானிய உதவியும் அதில் சேர்ந்திருந்தது. நீளம் 288 மீற்றர். செலவு 1,037 மில்லியன் ரூபா. நாவற்குழியில் ஏ9 வீதியிலிருந்து பிரியும் ஏ32 வீதி, கேரதீவு வழியாக அந்தப் பாலத்தில் ஏறி, பூநகரி கடந்து மன்னாருக்குப் போகிறது. முன்பெல்லாம் பாதை ஓடாத நாளில் யாழ்ப்பாணத்தார் பூநகரிக்குப் போவதென்றால் பளை, ஆனையிறவு, பரந்தன் என்று கடல்நீரேரியைச் சுற்றி வளைத்து வரவேண்டும். அக்கரை கண்ணுக்குத் தெரியும், கால் எட்டாது.

இந்தப் பாலத்தில் பார்த்து வியக்க ஒன்றுமில்லை. பாம்பன் போலத் திறந்து மூடாது, கல்லடி போலப் பாட்டில் வராது. மறுபக்கம், புகையிரதம் இந்தியக் கடனுதவியில் மீண்டும் போடப்பட்டு 2014 மார்ச்சில் பளையையும் ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்தையும் எட்டியபோது ஊர் திரண்டது. அந்த மகிழ்ச்சி நியாயமானது. ஆனாலும் வரலாற்றுக் கணக்கில் பார்த்தால், மீண்டு வந்த புகையிரதம் பழைய வாசலைத்தான் சீர்செய்தது. சங்குப்பிட்டி செய்த வேலை வேறு. யானை கடந்த காலத்திலிருந்து யாழ்தேவி ஓடிய காலம் வரை எவரும் தராத ஒன்றை, எந்நேரமும் திறந்திருக்கும் இரண்டாவது தரைவழியை, அது குடாநாட்டுக்குத் தந்தது. மழைக்காலத்தில் ஏ9 தடைபட்டால் ஏ32 உண்டு. மன்னாருக்குப் போகும் பேருந்து வவுனியாவைத் தொடவேண்டியதில்லை. பூநகரி விவசாயியின் நெல்லுக்கு யாழ்ப்பாணச் சந்தை பக்கத்தில் வந்துவிட்டது.

ஒரு பாலத்தின் மதிப்பை அதன் நீளத்தைக் கொண்டோ அழகைக் கொண்டோ அளப்பது ஆறுள்ள ஊர்களின் வழக்கமாக இருக்கலாம். இங்கே அளவுகோல் வேறு: அது மூடப்பட்டால் மக்களுக்கு வேறு வழி மிஞ்சுகிறதா? 1905இல் இல்லை, 1990இல் இல்லை, 1995இல் இல்லை. 2011க்குப் பிறகு ஓரளவு உண்டு. அந்த வழி நிலைக்கவேண்டுமானால் உப்புக்காற்றில் நிற்கும் உருக்கைச் சுரண்டிப் பூசும் வேலைக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கவேண்டும். திறப்பு விழாவுக்குக் கல் வைப்பவர்கள் பெயின்ற் வாளிக்கும் கணக்கு வைக்கவேண்டும்.

இரண்டு வாசலும் குடாநாட்டுக்குத்தான். தீவகத்தார் கதை தனி. பண்ணைத் தாம்போதி, பொன்னாலைப் பாலம், புங்குடுதீவையும் வேலணையையும் இணைக்கும் வாணர் தாம்போதி, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே பாலம் வராமல் ஓடும் பாதை ஆகியவற்றை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)